தவளைக்குப் போட்ட மாத்திரை

இன்று காலை நம் மகள் கால்சியம் மாத்திரையைத் தட்டில் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது பிள்ளை, ஆறாவது மாதம். முழு மாத்திரை அவளுக்குத் தொண்டையில் இறங்காது. உனக்குத் தெரிந்ததுதான், முதல் பிரசவத்துக்கு வந்திருந்தபோது பொடித்துக் கொடுத்தவளே நீதானே. அந்தப் பொடியின் சாக்பீஸ் வாசனை மூக்கில் ஏறியதும் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன். உலகத்துக்கு அது மருந்து வாசனை. எனக்கு அது உன் தவளைகளின் வாசனை.

தொண்ணூற்றொன்றில் நாம் படப்பைக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உனக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. எனக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பாக்டரியில் ஷிப்ட். செய்முறைத் தேர்வு முடிந்த அன்று, அறுபடாமல் மிஞ்சிய இரண்டு தவளைகளை ஈரத் துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாய். "இன்னா இது?" என்று கத்தினேன். "பரீட்சையில இதுங்க ரெண்டும் பாஸாயிடுச்சுங்க, அதான் இட்டாந்துட்டேன்" என்றாய்.

ஒன்று கொழுத்தது. இன்னொன்று கல்லூரித் தொட்டியில் நெடுநாள் அரைப்பட்டினி கிடந்து, பின்னங்கால் நடுங்க நடுங்க இழுத்துக்கொண்டு நகர்ந்தது. எலும்பு இளகிப் போயிருக்கிறது, வெறும் பூச்சி போதாது, பூச்சியின் மேல் கால்சியப் பொடி தூவிக் கொடு என்று உங்கள் பேராசிரியை சொல்லியிருந்தார். வைட்டமின் சொட்டு மருந்து வாரத்துக்கு ஒரே ஒரு சொட்டு, பாவம் பார்த்துக் கூட விட்டால் அதுவே விஷம் என்றும் எச்சரித்திருந்தார்.

காலி ஊறுகாய் பாட்டிலில் பொடியைப் போட்டு, உயிரோடிருக்கும் கரப்பான்களை உள்ளே விட்டு, மூடிக் குலுக்குவாய். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டதுபோல் அவை வெளியே வரும். தவளை அசைகிற பூச்சியைத்தான் தின்னும். கரப்பான் பொடியை உதறுவதற்குள் அது தவளையின் வாய்க்குள் போயாக வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று என்னைப் பிடித்துத் தள்ளுவாய். கரப்பான் சப்ளை என் பொறுப்பு. கேன்டீனில் பிடித்து டிபன் பாக்ஸில் கொண்டுவருவேன். ஒருநாள் கேட்டில் செக்யூரிட்டி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாபா, கேன்டீன் சோறு அவ்ளோ மோசமாவா கீது?" என்று கேட்டார். அது லைன் முழுக்கப் பரவி, ஓவர்டைம் பார்க்கும்போதுகூட என்னைத் தவளைக்காரன் என்றே கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வயிற்றில் அப்போது ஐந்து மாதம்.

பொடி எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். சுகாதார நிலையத்து நர்சம்மா உனக்குக் கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தின் அடியில் நொறுங்கிக் கிடப்பதைத்தான் தவளைகளுக்கு எடுத்தாய். முழு மாத்திரை ஒன்றுகூட அவற்றுக்குப் போகவில்லை. உனக்குரியதை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய பிறகுதான் பாட்டிலையே தொடுவாய். தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பிற்பாடு பார்க்காதவன் போல நடந்துகொண்டதால் இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் அக்கா வந்தபோதே ஆரம்பித்துவிட்டாள். "மாசமா கீறவ நொண்டித் தவளைய பாத்துகினே இருந்தா, பொறக்கறது எப்டி பொறக்கும்?"

"தெனம் உங்க தம்பி மூஞ்சியத்தான் பாத்துகினு கீறேன் அண்ணி, அதுக்கு இன்னா பண்றது?" என்றாய். உன் வாய்க்கு முன்னால் அக்கா நிற்க முடியுமா?

பெண் பிறந்தாள். வலது பாதம் உள்பக்கமாக மடங்கித் திரும்பியிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் உன்னைப் பார்த்தேன். "புள்ளைக்குப் போவ வேண்டியத எடுத்துத் தவளைக்குப் போட்ட இல்ல? இப்போ பாரு" என்றேன். வார்டில் நாலு பேர் திரும்பினார்கள். அக்காவையே மடக்கிய நீ, குனிந்து பிள்ளையின் காலைத் துணியால் மூடினாய்.

வீட்டுக்கு வந்த மறுநாளே தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வரச் சொன்னாய். பச்சை உடம்புக்காரி, நான் மட்டும் போய் விட்டுவருகிறேன் என்றேன், நீ கேட்கவில்லை. கொழுத்தது உடனே தாவிப் போய்விட்டது. மற்றது கொஞ்ச நேரம் கரையிலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரே தாவல், நடுக்கமே இல்லை. "அதுக்குக் கால் சரியாயிடுச்சு" என்று மட்டும் சொன்னாய்.

மகளுக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்ற வேண்டியிருந்தது. ஒருமுறை உனக்குக் காய்ச்சல், நான் மட்டும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் டாக்டரிடம் தவளைக் கதையைச் சொன்னேன். அவர் கட்டுப் போட்டுக்கொண்டே, "மாத்திரைக்கும் இந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லப்பா. சில கொழந்தைங்க இப்படிப் பொறக்குது. உன் சம்சாரம் ஒரு தப்பும் பண்ணல. மொதல்ல போய் அவங்ககிட்ட சொல்லு" என்றார்.

பஸ்ஸில் வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். மணிமங்கலத்துக்குப் பிரியும் ரோட்டைத் தாண்டும்போது வார்த்தைகள்கூடத் தயார். வாசலில் பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டே, "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாய். "அடுத்த வாரம் வரச் சொன்னாரு" என்றேன்.

வீம்புதான், வேறென்ன? சொன்னால் வார்டில் நான் பேசியது தப்பென்று ஆகிவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். மகள் நடந்தாள், ஓடினாள், கல்யாணமாகிப் போனாள். நீயும் போய்ச் சேர்ந்து, வருகிற மாசியோடு மூன்று வருஷம்.

இன்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் மகள் கேட்டாள்: "இன்னாப்பா, தவளை ஞாபகமா?"

திடுக்கிட்டேன். முதல் பிரசவத்தின்போது மாத்திரையைப் பொடித்துக்கொண்டே நீ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். நான் போய்வந்த அடுத்த வாரம் நீ போனபோது, "மாத்திரையால வந்ததில்லன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரா?" என்று அந்த டாக்டர் உன்னிடமே கேட்டாராம். "சொன்னாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாயாம். அவர் முன்னாலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

"அப்புறம் ஏன் அம்மா எங்கிட்ட கேக்கவே இல்ல?" என்றேன்.

"நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்துச்சுப்பா" என்றாள்.

ஆனால் நீ கேட்டாய். நான் பிரஷர் பார்க்கப் போய்வந்தாலும், பல் பிடுங்கிக்கொண்டு வந்தாலும், வாசலிலேயே நின்று "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்பாய். கடைசி வருஷம்வரை கேட்டாய். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள். எத்தனை தடவை கதவைத் திறந்துவிட்டிருக்கிறாய்!

மகள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டேன். இனி பிரசவம்வரை தினமும் நானே பொடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். உன் கை போல மாவாக வரவில்லை, பொருக்குப் பொருக்காக நிற்கிறது. அவள் அதையே தேனில் குழைத்துச் சாப்பிட்டாள்.

நீ கேட்டாயே, இப்போது சொல்கிறேன். மாத்திரைக்கும் காலுக்கும் சம்பந்தமே இல்லையாம். நீ ஒரு தப்பும் பண்ணவில்லையாம். முதலில் போய் உன்னிடம் சொல்லச் சொன்னார்.