அவர் பேரில் இருந்த டிஷ்

புரட்டாசி 9, செவ்வாய்

அவர் என்னை விட்டுப் பெங்களூர் போய் எட்டு மாதம். பேச்சே இல்லை. ஆனாலும் எங்கள் டிவியில் படம் பார்க்கும் ஆப் அவர் கணக்கில்தான் ஓடியது. முந்தின ராத்திரி எந்தப் படத்தை எதுவரை பார்த்திருக்கிறார் என்று தினமும் காலையில் பார்ப்பேன். நன்றாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. நேற்று பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்.

அம்மாவுக்குச் சீரியல் வேண்டும். பழைய டிஷ்ஷுக்கே மறுபடி உயிர் கொடுக்க ஆளைக் கூப்பிட்டேன்.

"கனெக்சன் உங்க ஊட்டுக்காரர் பேருல இருக்குதுங்க. ஓடிபி அவர் போனுக்குத்தான் போவும். கேட்டுச் சொல்லுங்க" என்றார் வந்தவர்.

சமையலறைக்குள் போய் அழைத்தேன். உடனே எடுத்தார்.

"ஏனுங்க, நான்தான். டிஷ்ஷுக்கு ஓடிபி வந்திருக்குமுங்க."

நாலு நம்பரைச் சொன்னார். கூடத்திலிருந்த ஆளுக்குக் கேட்கும்படி நானும் சத்தமாகச் சொன்னேன். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"கனெக்சனை உம் பேருக்கு மாத்திக்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கூடத்தில் டிவி சத்தம் கேட்டது. "படம் தெளிவாத் தெரியுது, வா சாமி" என்று அம்மா கூப்பிட்டாள். வாரேன் என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.