மேஸ்திரிக்கு உப்பு வைத்தியம்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

மேஸ்திரி வாயைத் திறந்தால் கருவாட்டுக் கடை தோற்றுவிடும். ஒன்பது வயது நாய். உப்பளத்தில் வரப்பு வரப்பாக நடந்து ஆட்களை மேய்ப்பதால் அந்தப் பெயர். இன்று உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கடைவாய்ப் பல்லெல்லாம் மஞ்சள் காரை, ஈறு ரத்தச் சிவப்பு.

என் வீட்டுக்காரர், உப்பளக்காரர், திருவாளர் சுப்ராயன் உடனே வைத்தியராகிவிட்டார். "நம்ம அளத்து உப்பு இருக்கும்போது டாக்டர் எதுக்கும்மா?" இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் உப்புதான். போன வருஷம் எனக்குப் பல் வலித்தபோதும் உப்புத் தண்ணீர்தான். இன்னும் வலிக்கிறது. அது கிடக்கட்டும்.

ஏப்ரல் 9

பாத்தியில் வாரிய கல்லுப்பை அரைகுறையாக நுணுக்கி, நல்லெண்ணெயில் குழைத்து, நாயின் ஈறில் கட்டை விரலால் தேய்க்கிறார். அது கத்துகிறது. ரத்தம் வந்தது. "கெட்ட ரத்தம், போவட்டும்" என்கிறார். படிக்காமலேயே என்ன ஒரு தெளிவு! அதன் பிறகு மேஸ்திரி பக்கெட் தண்ணீர் முழுவதையும் குடிக்கிறது, வீடெல்லாம் மூத்திரம். துடைப்பது யார்? வைத்தியர் அல்ல.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. மகள் நிவேதா சென்னையிலிருந்து வந்தாள், நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட்டும் மெத்தென்ற பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு. பேஸ்ட்டில் கோழிக்கறி வாசனை. "தினமும் பல்லும் ஈறும் சேர்ற இடத்துல மெதுவா தேய்க்கணும்பா. நம்ம பேஸ்ட் கூடாது, துப்பத் தெரியாது, முழுங்கிடும்" என்றாள்.

இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "உப்பளக்காரன் வீட்டு நாய்க்குக் கோழி பேஸ்ட்டா? டீக்கடையில என்னை ஓட்டியே சாவடிச்சுடுவானுங்க." டீக்கடைதான் இவருக்கு உச்ச நீதிமன்றம். பிரஷ் அலமாரிக்குப் போனது.

ஏப்ரல் 19

பக்கத்து அளத்து அசோகன் வந்து ஆலோசனை சொன்னான்: "எலும்பு கடிச்சா பல்லு தானா சுத்தமாயிடும்ணே." ஒரு வைத்தியர் போதாதென்று இப்போது இரண்டு. ஆட்டுக்கால் எலும்பு வந்தது. மளுக்கென்று ஒரு சத்தம். பல்லா எலும்பா என்று கேட்டேன். "எலும்புதான்" என்றார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஏப்ரல் 20

பல்.

ஏப்ரல் 23

மேஸ்திரி சோற்றைத் தொடவில்லை. மீன் தலை வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது. அளத்துக்கும் போகவில்லை. இவர் உப்புக் கிண்ணத்தோடு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய் உறுமியது. குட்டியில் சட்டைக்குள் வைத்து வளர்த்தவரைப் பார்த்து! மனுஷன் கிண்ணத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னாம்மா... செத்துடுமா?"

நானும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "டீக்கடையில கேட்டுட்டு வாங்க" என்றேன்.

ஏப்ரல் 24

பாண்டிக்கு வாடகைக் கார். பின் சீட்டில் இவர், மடியில் நாயின் தலை. நிவேதா பிறந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது பஸ்ஸில்.

நாய் டாக்டர் தமிழ்நிலா வாயைப் பார்த்ததுமே, "ஈறெல்லாம் கீறலா இருக்குதே, என்ன போட்டீங்க?" என்று கேட்டார். இவர் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், சந்தோஷமாகவே. "கல்லுப்பு ஈறை அறுத்துடுங்க. உள்ள போனாலும் நாய்க்கு ஆகாது. எலும்பு கடிச்சுப் பல்லு உடைஞ்சிருக்குது, வேர்ல சீழ்" என்றார். மயக்கம் கொடுத்து அந்தப் பல்லைப் பிடுங்கி, மற்றதையும் சுத்தம் செய்யவேண்டுமாம். வயதான நாய், மயக்கம் தெளியவேண்டுமே — அதுதான் பயம்.

இவர் நடந்த நடையில் ஆஸ்பத்திரித் தரையே தேய்ந்திருக்கும். என் பல்லும் இன்று விண்விண்ணென்று தெறித்தது. கேட்பாரில்லை.

மேஸ்திரி கண் விழித்தது. வாலை லேசாக ஆட்டியது. இவர் அழுதார். நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

மே 2

குழைந்த சோறு தின்கிறது.

மே 11, ஞாயிறு

புண் ஆறிவிட்டது, பிரஷ் போடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாசலில் மேஸ்திரியை மடியில் சாய்த்து, உதட்டைத் தூக்கி, கோழி பேஸ்ட் வைத்து இவரே தேய்க்கிறார். அசோகன் பார்த்துச் சிரித்தான். "போடா, மொதல்ல உன் பல்லைப் பாரு" என்று அனுப்பிவிட்டார். என்ன பக்குவம், என்ன பொறுமை! இதெல்லாம் இத்தனை வருஷம் எங்கே இருந்தது?

எதிரில் உட்கார்ந்து முறுக்கைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன். திடீரென்று, "ஏம்மா, ஒரு பக்கமாவே மெல்லுற?" என்றார்.

கவனித்துவிட்டாராம்! ஒரு வருஷம் கழித்து!

"உப்பு வைத்தியம் பார்த்த வாயிங்க" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "எங்க, ஆ காட்டு." நாயிடம் பேசும் அதே குரல். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

மே 12

காலையிலேயே வாசலில் கார். கதவைத் திறந்ததும் மேஸ்திரி ஓடிவந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டது. இவர் அதைத் தூக்கி இறக்கிவிட்டார்.

"இன்னிக்கு நீ இல்லடா" என்றார்.