ஆறு பொட்டலங்கள்

விழிப்பு ஆண்டு 38, சித்திரை 3. காலை 6.10

சீட்டுப் போட்ட அன்றைக்கு உறக்கக் கூடத்தில் இருந்தவர்கள்: நிலையத் தலைவர் ஞானதிலகம். எந்திரம் பார்த்த பூதலிங்கம். பனிக்கட்டி துளைக்கிற ரசாக். வயதில் சின்னவன் இசக்கி. நர்ஸ் மரகதம். சமையல்காரி ஆவுடையாகிய நான். வேறு ஒருவரும் இல்லை. நாளைக்கு எவனாவது வந்து பேரைக் கூட்டிக் குறைத்துச் சொல்லுவான், அதற்காக எழுதி வைக்கிறேன்.

இன்றைய நிலவரம். அடுப்பு எரிகிறது. மற்றவர்கள் அதை அணு உலை என்பார்கள். நிலையத்துக்குச் சூடும் கரண்டும் தருவது அடுப்புதானே. காற்று சரி. உறக்கப் பெட்டி ஐந்திலும் பச்சை விளக்கு. வெளியே வழக்கம்போல ஆரஞ்சு மூட்டம். சனியின் இந்த நிலாவில் நான் நீல வானம் பார்த்ததே இல்லை.

நான்கு பெட்டிகளைத் துடைத்தேன். தலைவர் பெட்டியைத் துடைக்கவில்லை. துடைக்கவும் மாட்டேன்.

சித்திரை 4. காலை 7.00

கப்பலிலிருந்து செய்தி வந்தது. எங்களைக் கொண்டுவந்து விட்ட கம்பெனி நொடித்துப்போய், பிறகு யார் யாரோ அடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு கப்பல் புறப்பட்டது. இன்னும் பத்தொன்பது நாளில் இறங்குமாம். அதில் டாக்டர் ஒருவர் இருக்கிறார். குரல் சின்னப் பையன் குரல்.

"பாட்டிம்மா, எண்பத்தி நாலு வயசு. தனியா, இந்தக் குளிர்ல. எங்க ஆளுங்க யாருமே நம்பல. என்ன சாப்பிட்டீங்க, எப்படித் தூங்குனீங்க, எல்லாம் சொல்லுங்க. அதிர்ஷ்டம்னு மட்டும் சொல்லிராதீங்க, அதை எழுதுனா என்னை வேலைய விட்டுத் தூக்கிருவாங்க."

நான் பதில் அனுப்பினேன். "தொட்டியில வளர்ற பாசிதான் தம்பி சாப்பிட்டேன். அதைத் தின்னு ஒருத்தி உயிரோட இருந்தா அது அதிர்ஷ்டம் இல்லாம வேற என்னய்யா?"

சித்திரை 5. மாலை 4.40

டாக்டர் விடவில்லை. எப்படித் தனியாக மாட்டினேன் என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

கிடங்கில் ஆறு பேருக்கு ஆறு வருஷச் சாப்பாடு இருந்தது. உதவி எப்போது வரும் என்று தெரியாது. உறக்கப் பெட்டி ஐந்து. உள்ளே படுத்தால் பசி இல்லை, வயது ஏறாது. ஒருவர் மட்டும் விழித்திருந்து அடுப்பையும் பெட்டிகளையும் பார்க்க வேண்டும். யார் என்று பேச்சு வந்தபோது ஞானதிலகம்தான் சொன்னார், "சீட்டுப் போட்ருவோம். அதான் நியாயம்." தலைவன் என்றால் நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டாமா? அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. அதனால்தான் அவர் பெட்டியைத் துடைப்பதில்லை.

சாமி முன்னால் பூக்கட்டிப் பார்க்கிற மாதிரி செய்யலாம் என்றாள் மரகதம். பூவுக்கு எங்கே போக? ஐந்து பொட்டலத்தில் திருநீறு, ஒன்றில் குங்குமம். குங்குமம் வந்தவர் விழித்திருக்க வேண்டும். அவளே மடித்து, நூல் சுற்றித் தட்டில் வைத்தாள். "எந்தச் சாமி பொட்டலமா இருந்தா என்னவே, எனக்குப் படுக்க எடம் கெடைச்சாப் போதும்" என்றான் ரசாக். எல்லோரும் சிரித்தோம். தட்டு எவர்சில்வர், ஓரம் நெளிந்தது. மரகதத்தின் வலது கட்டைவிரல் தட்டின் உள்பக்கம் பதிந்திருந்தது. தட்டைப் பிடித்தவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொன்று எடுத்தோம், மிஞ்சியது அவளுக்கு.

"யக்கா, நீ மொதல்ல பிரி" என்றாள் என்னிடம்.

பிரித்தேன். சிவப்பு. பிறகு யாரும் பிரிக்கவில்லை. "வந்துட்டுல்லா, இனி மத்ததப் பிரிக்கக் கூடாது, சாமி குத்தம்" என்றாள். அவரவர் பொட்டலத்தைப் பிரசாதமாக அவரவர் பெட்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டு எல்லோரும் படுத்தார்கள். மரகதம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்காகத்தான் தினமும் அவள் கண்ணாடியில் பனி தங்காமல் துடைத்து, அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் அவளுக்கு முப்பத்தொன்று. எனக்கு அன்றைக்கு நாற்பத்தாறு.

சித்திரை 7. காலை 5.20

அடுப்பின் சூடு இறங்குகிறது. உள்ளே எரிகிற கம்பிகள் தேய்ந்துவிட்டன. கப்பலுக்குச் சொன்னேன். கேப்டனே பேசினார்.

"அம்மா, கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆறு இடத்துக்குக் கரண்ட் போகுது. அஞ்சு பெட்டி, உங்க அறை. நாங்க வர்ற வரைக்கும் அஞ்சுக்குத்தான் தாங்கும். ஒரு பெட்டியை நிறுத்தணும். எதைன்னு எங்களால சொல்ல முடியாது."

நிறுத்தினால் உள்ளே இருப்பவர் போய்விடுவார். டாக்டர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "பாட்டிம்மா, உங்க அறையை மட்டும் நிறுத்திராதீங்க."

உறக்கக் கூடத்தில் போய் ஒண்டிக்கொள்ளவும் வழியில்லை. அது உறைபனி. கால் மணி நேரம் நின்றால் விரல் செத்துப்போகும்.

சித்திரை 7. மதியம் 1.15

ஞானதிலகத்தை நிறுத்திவிடலாம் என்று பெட்டி வரைக்கும் போனேன். விசையில் கை வைத்தேன். முப்பத்தெட்டு வருஷக் கோபம், ஒரு அமுக்கில் தீர்ந்திருக்கும். அமுக்க வரவில்லை. அந்த ஆள் அன்றைக்குச் செய்த மாதிரியே செய்வது என்று முடிவு செய்தேன். சீட்டு.

திருநீறும் இல்லை, குங்குமமும் இல்லை. பழைய பொட்டலங்களையே பிரித்துத் திருநீற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் தலைவருடையதைப் பிரித்தேன்.

சிவப்பு.

சித்திரை 7. மதியம் 2.30

மற்றதையும் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பூதலிங்கம், சிவப்பு. ரசாக், சிவப்பு. இசக்கி, சிவப்பு. நூல் சுற்றியபடியே இருந்தன, ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. தெரிந்திருந்தால் ஒருவனாவது அதைத் தூர எறிந்திருப்பான்.

மரகதத்தின் பொட்டலத்தில் மட்டும் திருநீறு.

கட்டைவிரல். அதன் அடியில் இருந்தது அவளுடைய பொட்டலம். முப்பத்தெட்டு வருஷமாக அந்த விரல் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. என்னத்துக்கு இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. யார் முதலில் பிரித்தாலும் அவருக்குச் சிவப்பு. அவள் என்னைப் பிரிக்கச் சொன்னாள்.

சித்திரை 8. காலை 6.00

தூங்கவில்லை. கூடத்தில் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது. போனால் பச்சை விளக்குகள்தான்.

ஏன் நான்? படிக்காதவள் என்றா? கேட்க ஊரில் நாதியில்லை என்றா? கண்ணாடியில் முகம் வைத்துக் கேட்டேன். "ஏளா, நான் உனக்கு என்ன செஞ்சேன்? உனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி ஊட்டுனவ நாந்தானே?" அவள் முகம் குழந்தை முகம் மாதிரி இருக்கிறது. ஒரு சுருக்கம் இல்லை. எனக்கு வந்த சுருக்கமெல்லாம் அவளுடையது.

சித்திரை 8. காலை 9.45

அவள் விசையிலும் கை வைத்தேன். அமுக்கினால் தூக்கத்திலேயே போய்விடுவாள். வலிக்காது, தெரியாது. அவ்வளவு சுகத்தை அவளுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?

தலைவர் பெட்டியைத் துடைத்தேன். முப்பத்தெட்டு வருஷ அழுக்கு, சேலைத் தலைப்பு கறுத்துப்போனது. அவர் மீசை நான் நினைத்ததைவிடச் சின்னது.

சித்திரை 8. காலை 11.00

என் அறையை நிறுத்திவிட்டேன். கப்பலுக்கு, ஒன்றை நிறுத்தியாகிவிட்டது என்று சொன்னேன். எது என்று கேட்டார் கேப்டன். பழசு என்றேன்.

பிற்பகல் 3

இருக்கிற துணியெல்லாம் போட்டிருக்கிறேன். பேனா மை கட்டுகிறது. வாயில் வைத்து ஊதி எழுதுகிறேன்.

டாக்டர் தம்பிக்கு. எழுதிக்கொள். அதிர்ஷ்டம் இல்லை. ஒருத்தியின் கட்டைவிரல். உன் வேலைக்கு ஆபத்து வராது.

ஐந்து பேரையும் எழுப்பு. எல்லோரையும் உட்காரவைத்து, இதை அவள் முன்னால் படி. பொட்டலங்களைத் தட்டிலேயே வைத்திருக்கிறேன், அதே தட்டு. பிறகு அவளை நன்றாகச் சாப்பிட வை. நோய் வந்தால் பார். எண்பது, தொண்ணூறு, நூறு வரைக்கும் இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்திருக்கட்டும்.

பொழுது தெரியவில்லை

கை இல்லை மாதிரி

ஞானதிலகம் சார், மன்னிச்சாச்சு. பூதலிங்கம் ரசாக் இசக்கி உங்கள்மேல் ஒன்றும் இல்லை

கூடத்தில் யாரோ யக்கா என்கிறார்கள். போக மாட்டேன்

ஒரே ஒரு பேர். செத்தும் மன்னிக்க மாட்டேன்

மரகதம்