‘மற்றவை’ என்ற கட்டம்

அன்புள்ள எலாடியோ,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். ஊரடங்கைத் தளர்த்தலாமா என்று தொலைபேசியில் மக்களிடம் கேட்டு எழுதுவதுதான் இப்போது என் வேலை. பனாமா நகரத்தில் என்னிடம் பேசாமல் போனை வைப்பவர்கள் குறைவு, தெரியுமா?

நேற்று ஃபெர்மின் என்ற பெரியவர் எடுத்தார். “மூடியே இருக்கட்டும்மா” என்றார். அவர் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“திறக்கணும்னு எழுது! ஆம்பளைங்க நாள்ல இவரைக் கடைக்கு அனுப்பினா, மரவள்ளி கேட்டதுக்குச் சேப்பங்கிழங்கைத் தூக்கிட்டு வர்றார்!”

“நீ மட்டும் உன் நாள்ல மீன்காரன்கிட்ட ஊர்க்கதை பேசிட்டு, மீனையே மறந்துட்டு வரலியா?”

ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள் என்று முறைவைத்த பிறகு இருவரும் சேர்ந்து வெளியே போகவே இல்லையாம். கடைசியில் பெரியவர் குரலைத் தாழ்த்தி, “சரி, திறக்கணும்னே எழுதும்மா. இவ கூட இல்லாம சந்தையில எனக்கு ஒண்ணும் ஓடல” என்றார்.

காரணம் குறிக்க என் படிவத்தில் வேலை, உடல்நலம், தேவாலயம் எல்லாம் இருந்தன. அவர் சொன்னது இல்லை. ‘மற்றவை’ என்ற கட்டத்தில் குறித்தேன்.

நீங்கள் வீடு திரும்ப வழியில்லாவிட்டாலும், பார்சல் வண்டி மட்டும் நம் ஊரிலிருந்து வருகிறதாமே. சின்னதாக ஒரு காபி வடிதுணி அனுப்புங்கள். இங்கிருப்பது பெரிது, தினமும் இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறேன்.

அடுத்த பட்டியல் வந்துவிட்டது, ஓடுகிறேன். உங்களை யாராவது அழைத்துக் கேட்டால், திறக்கணும் என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் ‘மற்றவை’ என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குப் புரியும்.

உங்கள்
இட்செல்