தபால்தலை இல்லாத அட்டை

பெண்டிகோ,
ஆஸ்திரேலியா, 3 மார்ச் 1997

அன்புள்ள லியான்,

நான் நலம். நீயும் நலம் என்று உன் புகைப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை என் தபால்பெட்டியில் கிடந்த அட்டையில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். 'அன்புள்ள வீட்டு உரிமையாளருக்கு, விற்கும் எண்ணம் உண்டா? என்னை அழையுங்கள்' என்று அச்சடித்திருக்கிறது. அழைத்தால் மெஷின்தான் பேசுகிறது. அதனால் எழுதுகிறேன்.

அட்டையில் தபால்தலை இல்லை. அப்படியென்றால் நீயேதான் வந்து போட்டிருக்கிறாய். கேட் வரை வந்தவளுக்கு உள்ளே வர வழி தெரியவில்லையா? ஆஸ்பத்திரி சம்பளப் பிரிவில் இருந்தவரை சனிக்கிழமை மதியம் என்னோடுதான் சாப்பிடுவாய். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, ஊரார் வீடுகளை விற்றுக் கொடுக்கும் கம்பெனிக்குப் போனாய், சனிக்கிழமையும் போயிற்று. எதிர்வீட்டு பெரில், "ஒங்க பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டாள். அட்டையைக் காட்டினேன்.

இந்த வீடு எனக்கு ஒருவனுக்குப் பெரிதுதான். அதைப் பற்றிப் பேசவாவது வா.

அப்பா

பெண்டிகோ,
12 மார்ச்

அன்புள்ள அப்பா,

கோபப்படாதீர்கள். அன்றைக்குத் தெரு முழுக்க அட்டை போட வேண்டியிருந்தது. உள்ளே வந்தால் நீங்கள் லேசில் விடமாட்டீர்கள். வீடு பார்க்க ஆட்கள் சனிக்கிழமைதான் வருகிறார்கள், நான் என்ன செய்ய? வேலையை விட்டதிலிருந்து ஒரு வீடுகூட விற்கவில்லை. "சொந்தக்காரங்க வீடு ஒண்ணுகூடவா கெடைக்கல?" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்கிறார். ஈஸ்டருக்குள் ஒன்று வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

விற்பதென்றால் விற்றுத் தரும் பொறுப்பை எனக்கே கொடுங்கள், அப்பா. ஒப்பந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். பென்சில் குறி உள்ள இடங்களில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். நீங்கள் அலைய வேண்டாம்.

அன்புடன்,
லியான்

பெண்டிகோ,
24 மார்ச்

அன்புள்ள லியான்,

நீயே வந்து வாங்கிக்கொள்வாய் என்று தாளை மேசைமேல் வைத்துக் காத்திருந்தேன். பேனாவும் பக்கத்திலேயே இருந்தது.

டாரன் என்று ஒருவன், வேறு கம்பெனி. அவனும் அட்டை போடத்தான் வந்தான். ஆனால் கதவைத் தட்டினான், உட்கார்ந்து டீ குடித்தான். உன் அம்மா வைத்த எலுமிச்சையைப் பார்த்து, "இவ்ளோ காய் தொங்குதே, பறிக்க ஆள் இல்லையா?" என்றான். ஒரு வாளி பறித்து வைத்துவிட்டுப் போனான். வீட்டை விற்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டேன். முன்புறப் புல்தரையில் அவன் கம்பெனியின் விற்பனைப் பலகை நிற்கிறது.

உன் வேலைக்கு உலை வைத்துவிட்டேன் என்று தெரியும். எனக்கு எரிச்சல், பொய் சொல்லமாட்டேன். உன்மேலும்தான், என்மேலும்தான்.

ஏப்ரல் 19, சனிக்கிழமை, பதினொரு மணிக்குப் புல்தரையிலேயே டாரன் வீட்டை ஏலம் விட்டு விற்கப்போகிறான். அடுத்த கம்பெனி ஏலம் என்றால் நீங்களெல்லாம் வேவு பார்க்கப் போவீர்களாமே, டாரன் சொன்னான். அப்படியாவது வா. மதியத்துக்கு ஆட்டுத்தொடை ரோஸ்ட் செய்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்