கூனித்தீவிலிருந்து வந்த மனு

திங்கள், காலை 10.20. கலெக்டர் அலுவலக மொட்டைமாடி

சட்டம் அமலுக்கு வந்து முதல் வாரம். அரசுக் கட்டடத்தைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் எந்த ட்ரோன் வந்தாலும் போலீஸ் கேள்வி கேட்காமல் வீழ்த்தலாம். இங்கே அந்தப் போலீஸ் நான்தான், தொழில்நுட்பப் பிரிவு எஸ்.ஐ. ஞானதிரவியம். இதை யார் படிக்கப் போகிறீர்களோ, ஒருவன் இங்கே வெயிலில் கருவாடாகக் காய்ந்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். புயல் வெள்ளிக்கிழமையே கரையைக் கடந்துவிட்டது.

கீழே குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு நீண்ட வரிசை. கடல் பக்கமிருந்து ஒரு ட்ரோன் வந்தது. சிக்னலைத் தடுக்கும் ஜாமரை அழுத்தினேன். ட்ரோனின் ஒலிபெருக்கி "ஐயா" என்று தொடங்கியது, அதற்குள் விழுந்துவிட்டது. வயர்லெஸ்ஸில் இன்ஸ்பெக்டர்: "மொத போணி! பின்னிட்டேய்யா!" எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கள், மாலை 4.00. சாட்சிய அறை

ட்ரோனைப் பையில் போட்டு சீல் வைத்தாயிற்று. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது. இதுவும் புதுச் சட்டம்தான். பைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் முனகிக்கொண்டே இருக்கிறது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"சீலை உடைச்சா உன் வேலை போயிரும். எவனாச்சும் ரோடு கேட்டு மனு அனுப்பிருப்பான். உத்தரவு வரட்டும்."

சரி என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

புதன், பகல் 12.30

உத்தரவு வந்தது. திறந்தோம். பதிவு இதுதான்:

"ஐயா, கூனித்தீவு நர்ஸ் ரோஸ்லின் பேசுறேன். எங்களக் கரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டதா ரேடியோவுல சொல்லுதாங்க. யாருமே வரல ஐயா. முப்பத்தேழு பேரு பள்ளிக்கூட மாடியில நிக்கோம். சனிக்கிழமையே தண்ணி ஏறிட்டு. மருந்து கொண்டுவார ட்ரோன்ல ஒருக்கா போறதுக்குத்தான் சார்ஜ் இருக்கு. மனு வாங்குறது திங்கக்கிழமதானேன்னு காத்திருந்து அனுப்புதோம். படகு அனுப்புங்க ஐயா. சின்னப் பிள்ளைகளும் நிக்குது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். படகுக்கு நான்தான் போன் செய்தேன். எண்ணை மூன்று முறை தப்பாக அழுத்தினேன்.

வியாழன், காலை 7.10. கூனித்தீவு

படகு இன்று விடிகாலைதான் கிடைத்தது. பள்ளிக்கூட மாடி சரிந்து கிடக்கிறது. ஒருவரும் உயிரோடு இல்லை. கூட வந்த டாக்டர் பார்த்துவிட்டு, இறந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும் என்றார். அப்படியென்றால் திங்களன்று இருந்தார்கள். செவ்வாயும் இருந்தார்கள். அந்தப் பையின் பக்கத்தில் உட்கார்ந்து நான் டீ குடித்திருக்கிறேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

திங்கள், காலை 10.25. மொட்டைமாடி

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. கடல் பக்கமிருந்து ட்ரோன் வருகிறது. நான் வீழ்த்தியதன் அதே எண். அது கோர்ட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது, பூட்டும்போது நானே பார்த்தேன். ஜாமரை அழுத்தினேன். வந்துகொண்டேயிருக்கிறது. ஜாமர் திரையில் சிக்னல் இல்லை. வரிசையில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வயர்லெஸ்ஸில் இன்ஸ்பெக்டர்: "வானத்துல ஒண்ணும் இல்லையேய்யா. யாரைப் பாத்து அழுத்துற? எறங்கி வா."

இறங்க முடியவில்லை. ட்ரோன் முகத்துக்கு நேராக நிற்கிறது. இறக்கையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டுகிறது. ஒலிபெருக்கியில் ரோஸ்லின் குரல்:

"ஐயா, போன வாரம் மனு குடுத்தோம். நீங்கதான வாங்குனீங்க? ரசீதுல எழுதணும். பேரு சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

10.40

அவள் என் பெயரைத் திருப்பிச் சொன்னாள். பின்னாலிருந்து இன்னொருவர் சொன்னார். பிறகு இன்னொருவர். ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். கோபமே இல்லை. காதைப் பொத்தினாலும் கேட்கிறது.

இப்போது பிள்ளைகளின் முறை. என் பெயர் நீளம், சின்னதுகளுக்கு வாயில் நுழையவில்லை. ரோஸ்லின் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.