பூஜ்ஜியம் ஆடியவர்

அண்ணா,

மே 14, ஞாயிறு, மாலை 6.10. நம் கால்பந்து கிளப்பின் நாற்பதாண்டு வரலாற்றுப் புத்தகத்தை வெளியிட்டார்கள். அதில் 312 ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருந்தன. உன் பெயர் இல்லை.

அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் தொகுத்தவன் நான். ஒரு ஆட்டம்கூட ஆடாத பெயர் பிழையாகத்தான் இருக்கும் என்று நினைத்து, ஆட்ட எண்ணிக்கையில் பூஜ்ஜியம் இருந்த வரிகளையெல்லாம் ஒரே அடியாக நீக்கினேன். யார் யார் போனார்கள் என்று பார்க்கவில்லை. எனக்கு அவசரம்.

பதினோரு வருஷம் நீ மாற்று கோல்கீப்பராக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். களத்தில் நின்ற முதல் கோல்கீப்பருக்கு அத்தனை வருஷத்தில் ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. வீட்டில் அதை வைத்து எவ்வளவு சிரித்திருக்கிறோம். அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

விழாவில் அந்த கோல்கீப்பரே புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பயிற்சியில தினமும் எனக்கு நூறு பந்து அடிச்சவன் எங்கப்பா?" என்று கேட்டார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

உன் மகள் விரல் வைத்து இரண்டு தடவை தேடினாள். "அப்பா, நீங்க நிஜமாவே கிளப்புல இருந்தீங்களா, இல்ல கதை விட்டீங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். "அச்சடிச்சவன் தூங்கிட்டாம்மா" என்றாய்.

இத்தனை காலம் காத்திருந்த உனக்குக் கிடைத்த ஒரே பந்து, என்னை நோக்கி வந்தது. அதையும் பாய்ந்து பிடித்துவிட்டாய்.

இனி நான் செய்யப்போவது:

1. நீக்கிய பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி அச்சடிப்பேன்.
2. கோல்கீப்பரின் கேள்விக்கு நேரில் பதில் சொல்வேன்.
3. நாளை உன் வீட்டுக்கு வந்து, தூங்கியது சித்தப்பாதான் என்று உன் மகளிடம் சொல்வேன். நீ குறுக்கே பாயாதே.

உன் தம்பி